எந்தச் சாமான் இரவல் தாங்கும்? குடும்பத்துக்குள் சுற்றும் குழந்தைப் பொருட்கள், ஒரு மதிப்பீடு

குழந்தைப் பொருட்களுக்கு இணையத்தில் கிடைக்கும் மதிப்பீடுகள் எல்லாம் கடையில் வாங்குகிறவருக்காக எழுதியவை. நம் வீடுகளில் பாதிச் சாமான் கடையிலிருந்து வருவதில்லை. அக்கா வீட்டுப் பரணிலிருந்து இறங்குகிறது, சித்தி வீட்டுக் கட்டிலடியிலிருந்து தூசு தட்டி எடுக்கப்படுகிறது. ஒரே தொட்டில் பத்து வருடத்தில் நாலைந்து குழந்தைகளைப் பார்ப்பது சாதாரணம். அதனால் இங்கே கேள்வி வேறு. ஒரு குழந்தைக்கு உழைத்தபின் அடுத்த குழந்தைக்கு அது பாதுகாப்பானதா? போன மாதிரியே திரும்பி வருமா? வராவிட்டால் குடும்பத்தில் எவ்வளவு சத்தம் கேட்கும்? இந்த மூன்றையும் வைத்துத்தான் கீழே மதிப்பெண், ஐந்துக்கு.

பொருளுக்குப் போகுமுன் ஒரு விஷயம். இரவலில் வரும் மனஸ்தாபத்தில் பெரும்பங்கு கெடு பேசாததால் வருவது. "வேலை முடிஞ்சதும் குடு" என்றால் வேலை எப்போது முடியும் என்பதில் ஆளுக்கொரு கணக்கு. தேதி குறிப்பதும் சரிப்படாது. ஒரு குழந்தை நாலு மாதத்தில் குப்புற விழும், இன்னொன்று ஆறாம் மாதம்தான் விழும். குழந்தையின் வளர்ச்சியையே கெடுவாக வைப்பதுதான் நடைமுறையில் நிற்கிறது. "குப்புற விழுந்ததும் தொட்டிலை அனுப்பிடுறேன் அண்ணி", "எழுந்து உட்கார்ந்ததும் டப்பைக் குடுத்துடு" என்று பேசிவிட்டால் கேட்பவருக்கும் கூச்சமில்லை, கொடுப்பவருக்கும் வருத்தமில்லை. பல பொருட்களைத் தயாரிப்பாளரே நிறுத்தச் சொல்லும் கட்டமும் அதுதான் என்பதால் பாதுகாப்புக்கும் அது பொருந்துகிறது.

ஸ்பிரிங் தொட்டில்: 3

இரும்புக் குழாய் ஸ்டாண்டு, மேலே ஸ்பிரிங், அதில் கொக்கி, கொக்கியில் துணித் தூளி, துணியின் இரு பக்கமும் ஒட்டிக்கொள்ளாமல் பிரித்து வைக்க ஒரு கட்டை, சுற்றிலும் ஜிப் வைத்த கொசுவலை. குடும்பத்துக்குள் அதிகம் சுற்றுவது இதுதான். அதிகம் உபாதை கொடுப்பதும் இதுதான், ஏனென்றால் இதில் தேயும் பாகங்கள் கண்ணில் படாத இடத்தில் இருக்கின்றன.

முதலில் ஸ்பிரிங். எடை எதுவும் தொங்காதபோது அதன் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்க வேண்டும். எங்காவது நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி தெரிந்தால் அது தாங்கும் அளவுக்கு மேல் இழுபட்டுத் தளர்ந்துவிட்டது. துடைத்து எண்ணெய் போட்டுப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். அடுத்து, ஸ்பிரிங்கின் முனை கொக்கியில் உட்காரும் வளைவு. மாதக்கணக்கில் ஆடியதில் இரும்போடு இரும்பு உரசி அங்கே பளபளவென்று ஒரு பள்ளம் விழுந்திருக்கும். கம்பியின் தடிமன் குறைந்தது கண்ணுக்குத் தெரிந்தாலே கொக்கியையும் ஸ்பிரிங்கையும் சேர்த்து மாற்றிவிடுவது நல்லது. சென்னை, தூத்துக்குடி மாதிரி உப்புக்காற்று அடிக்கும் ஊர்களில் பரணில் இரண்டு வருடம் கிடந்தாலே ஸ்பிரிங்கின் உள்பக்கம் துரு ஏறியிருக்கும். டார்ச் அடித்து உள்ளே பார்க்க வேண்டும். நல்ல தயாரிப்பில் ஸ்பிரிங் அறுந்தாலும் தொட்டில் கீழே விழாமல் பிடிக்க ஒரு சங்கிலியோ பட்டையோ கூடவே ஓடும். அது இல்லாத தொட்டிலை இரவல் வாங்குவதைவிட வேண்டாம் என்று சொல்வதே மேல்.

பூட்டி முடித்ததும் குழந்தையைப் போடுவதற்கு முன் 5 கிலோ அரிசிப் பை இரண்டைத் தூளியில் வைத்துப் பத்து நிமிடம் ஆட்டிப் பாருங்கள். ஸ்டாண்டின் கால் தரையை விட்டு எழும்பினாலோ, குழாய் இணைப்பில் கிறீச் என்றாலோ திருகுகள் தளர்ந்திருக்கின்றன, அல்லது காலடி ரப்பர் மூடிகளில் ஒன்று தொலைந்திருக்கிறது. அந்த மூடி ஹார்டுவேர் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். குழாயின் விட்டத்தை அளந்துகொண்டு போனால் போதும்.

துணியைப் பற்றி ஒரு வழக்கம் ஏற்படுத்திக்கொண்டால் தகராறே வராது: ஸ்டாண்டும் ஸ்பிரிங்கும்தான் இரவல், துணி வாங்குகிறவர் செலவு. புதுத் துணி போட்டுப் பயன்படுத்தி, துவைத்து, அந்தத் துணியோடேயே திருப்பிக் கொடுப்பது அழகு. பழைய துணியில் கொக்கி மாட்டும் காது தைத்த இடம்தான் முதலில் விடும். இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்தால் நூல் பிரிவது தெரியும்.

இதற்கு மதிப்பெண் மூன்றோடு நிற்பதற்குக் காரணம் பொருள் தேய்வது மட்டுமல்ல. தூளியில் குழந்தையின் முதுகு வளைந்து, தாடை நெஞ்சில் படிகிறது. பிறந்த குழந்தைக்குக் கழுத்தை நிமிர்த்தும் பலம் கிடையாது. மூச்சுவழி மடிய வாய்ப்பிருக்கிறது. அதனால்தான் தூங்க வைக்கச் சமதளமான, கெட்டியான படுக்கை, மல்லாந்த நிலை என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஆட்டித் தூங்க வைத்துவிட்டுப் படுக்கையில் மாற்றிப் போடுவதற்கும், கண் முன்னால் கிடத்துவதற்கும் தூளி சரி. இரவு முழுக்க அதிலேயே விடுவது சரியில்லை. வெளிநாட்டிலிருந்து அக்கா, அண்ணன் வீட்டார் பெட்டியில் கட்டிக்கொண்டு வரும் சாய்வுத் தொட்டில்களும் இதே வகைதான். அமெரிக்காவில் மிகப் பிரபலமாக இருந்த ஃபிஷர் பிரைஸ் ராக் அண்ட் ப்ளே சாய்வுப் படுக்கையை 2019 ஏப்ரலில் அந்த நிறுவனம் திரும்பப் பெற்றது. ஏறக்குறைய 47 லட்சம் படுக்கைகள். 30-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்ததாகப் பதிவான பிறகு. 2022-இல் அந்த நாட்டுச் சட்டமே சாய்வுப் படுக்கைகளைத் தடை செய்துவிட்டது. திரும்பப் பெறும் அறிவிப்பு வாங்கியவரைத்தான் சென்றடையும். இரவலாகக் கடல் தாண்டி வந்து மதுரையில் ஒரு அலமாரி மேல் இருக்கும் பொருளைத் தேடி வராது. வெளிநாட்டுச் சாமான் எது கைக்கு வந்தாலும் அடியில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணை இணையத்தில் போட்டுப் பார்த்துவிட்டுப் பிரிப்பது நல்லது.

மரத்தொட்டில்: 4

தேக்கில் செய்த பழைய தொட்டில் மூன்று தலைமுறை தாங்கும். காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் விற்பனைக்கு நிற்கும் தொட்டில்களைப் பார்த்தாலே தெரியும். மூட்டுகள் இன்றும் அசைவதில்லை. இரவலுக்கு இதைவிடத் தோதான பொருள் கிடையாது, மூன்று சோதனையில் தேறினால்.

ஒன்று, கம்பிகளுக்கு நடுவே உள்ள சந்து. 6 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் குழந்தையின் உடம்பு நுழைந்து தலை சிக்கிக்கொள்ளும். குளிர்பான டின் ஒன்றை நிமிர்த்தி நுழைத்துப் பாருங்கள். நுழைந்தால் அந்தத் தொட்டில் காட்சிக்கு மட்டும். பழைய தொட்டில்களில் கடைசல் கம்பி ஒன்று விழுந்துபோய் அப்படியே விட்டிருப்பார்கள். அந்த ஒரு சந்தே போதும். இரண்டு, மெத்தை. தொட்டில் சுவருக்கும் மெத்தைக்கும் நடுவே இரண்டு விரலுக்கு மேல் போகக் கூடாது. இலவம்பஞ்சு மெத்தை காலப்போக்கில் நடுவில் குழியும். தொட்டிலை இரவல் வாங்கலாம், மெத்தையைப் புதிதாக, கெட்டியாகத் தைத்துக்கொள்ள வேண்டும். மூன்று, பெயின்ட். இந்தியாவில் வீட்டு உபயோகப் பெயின்ட்களில் ஈயத்தின் அளவுக்கு 90 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 90 பங்கு, என்ற வரம்பு 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் வண்ணம் அடித்த தொட்டிலில் மேல்விளிம்புப் பெயின்ட் உரிந்திருக்கிறதா என்று பாருங்கள், குழந்தை கடிக்கும் இடம் அதுதான். "கொஞ்சம் உப்புக்காகிதம் போட்டுத் தேய்ச்சுப் புதுசா அடிச்சுடலாம்" என்று கர்ப்பிணி இருக்கும் வீட்டில் தொடங்குவது இன்னும் மோசம். தேய்த்த தூசியில்தான் ஈயம் அதிகம். தெரிந்த தச்சரிடம் வீட்டுக்கு வெளியே கொடுத்து உரித்து வாங்குவது ஒரு வழி. வண்ணம் அடிக்காத, வெறும் எண்ணெய் ஏற்றிய மரத்துக்கு இந்தத் தொல்லையே இல்லை.

பக்கவாட்டைக் கீழே இறக்கும் வகைக் கட்டில் தொட்டில்களை அமெரிக்காவில் 2011 ஜூனிலிருந்து விற்கவே கூடாது. சறுக்கும் பாகத்தின் பிளாஸ்டிக் கொக்கி உடைந்து பக்கம் தொங்கி, அந்த இடைவெளியில் குழந்தைகள் சிக்கியதுதான் காரணம். நம் ஊரில் அந்த வகை இன்னும் கைமாறுகிறது. கிடைத்தால் பக்கத்தை மேலே ஏற்றி நிரந்தரமாகத் திருகிவிடுவதைவிட வேண்டாம் என்பதே நல்லது, ஏனென்றால் துளை போட்ட இடம் மரத்தில் விரியும்.

மரத்தொட்டிலின் உண்மையான சிக்கல் மரத்தில் இல்லை. யாருடையது என்பதில் இருக்கிறது. முதல் பிரசவம் தாய் வீட்டில். தொட்டிலும் பெரும்பாலும் அந்த வீட்டுச் சீராக வந்தது. பிறகு அது புகுந்த வீட்டுக்குப் போகிறது. இரண்டு வருடம் கழித்து நாத்தனாருக்குக் குழந்தை பிறக்கிறது, மாமியார் "சும்மாதானே கெடக்கு" என்று எடுத்துக் கொடுத்துவிடுகிறார். மருமகளுக்குத் தொட்டில் போனது பின்னால்தான் தெரிகிறது. சண்டை நாத்தனாருக்கும் இவளுக்கும் நடுவில் வருகிறது. கொடுத்தவர் நடுவில் இல்லை. இதற்கு ஒரே ஒரு விதி போதும்: எந்தக் குழந்தைக்கு வாங்கியதோ அந்தக் குழந்தையின் தாயைக் கேட்க வேண்டும். வீட்டில் பெரியவரைக் கேட்டது கேட்டதாக ஆகாது. வாங்கிக்கொள்ளும் பெண்ணும் அம்மா கொடுத்தார் என்று இருந்துவிடாமல், "அண்ணி, தொட்டிலை எடுத்துட்டுப் போகவா? உங்களுக்கு எப்ப வேணும்னு சொல்லுங்க" என்று ஒரு போன் போட்டுவிட்டால் பத்து வருட மனக்கசப்பு மிச்சம். ஓரகத்திகளுக்குள் இது இன்னும் முக்கியம், ஒரே வீட்டில் இருந்தால்கூட.

அடுத்தது, திருப்பிக் கேட்பது. தொட்டிலைத் திருப்பிக் கேட்டால் "என்ன விசேஷமா?" என்ற கேள்வி உடனே வரும். மூன்றாம் மாதம் தாண்டும் வரை வெளியே சொல்லாமல் இருப்பதுதான் பல வீடுகளில் வழக்கம். தொட்டிலைக் கேட்பதே அறிவிப்பாகிவிடுகிறது. அதனால் கேட்க வேண்டிய அவசரம் எதுவும் முதல் மாதங்களில் இல்லை. வளைகாப்பு நடக்கும் ஏழாம் அல்லது ஒன்பதாம் மாதத்தில் கேட்டாலும் சாவகாசமாக வந்து சேரும். குழந்தை பிறக்குமுன் தொட்டில் வீட்டுக்குள் வரக் கூடாது என்று பார்க்கும் குடும்பங்களில் தாய்மாமன் வீட்டிலேயே வைத்திருந்து தொட்டில் போடும் அன்று கொண்டுவருவார்கள். கடன் வாங்கியவர் பக்கம் உள்ள மரியாதை இன்னும் எளிது: தொட்டில் கேட்கப்பட்டால் காரணம் கேட்கக் கூடாது, "அனுப்பி வெக்கிறேன்" என்பது மட்டும்தான் பதில்.

இரவல் வாங்கிய வீட்டில் குழந்தை தங்காமல் போனால், பொருளைப் பற்றிய பேச்சே கொடுத்தவர் வாயிலிருந்து வரக் கூடாது. எடுக்க யாரும் போகவும் வேண்டாம். அவர்கள் வேண்டும்போது தாய்வீட்டு ஆண்கள் யாராவது சத்தமில்லாமல் எடுத்து வந்துவிடுவார்கள். அதை மறுபடி குழந்தைக்குப் போட வேண்டுமா என்பது கொடுத்தவர் விருப்பம். வேண்டாம் என்றாலும் அதைச் சொல்லிக் காட்டாமல் வைத்துவிடலாம்.

கார் இருக்கை: தெரிந்த வரலாறு இருந்தால் 4, இல்லாவிட்டால் பூஜ்யம்

இதில் நடுவழி கிடையாது. இருக்கையின் பிளாஸ்டிக் ஓட்டுக்கு அடியில் தயாரித்த மாதமும் ஆண்டும் பொறித்திருக்கும். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் அதிலிருந்து 6 முதல் 10 ஆண்டு வரைதான் உறுதி சொல்கிறார்கள்; எத்தனை என்பது கையேட்டிலோ ஓட்டிலேயோ இருக்கும். வெயிலில் நிற்கும் காருக்குள் பிளாஸ்டிக்கும் நுரையும் காய்ந்து இறுகுவதுதான் காரணம். நம் வெயிலைச் சொல்லவே வேண்டாம். விபத்தில் சிக்கிய இருக்கையை மறுபடி பயன்படுத்தக் கூடாது. நுரைக்குள் கீறல் விட்டிருந்தால் வெளியே தெரியாது. அதனால்தான் கார் இருக்கையை உடன்பிறந்தவர்களிடம் மட்டும் வாங்கலாம் என்பது. "இடிச்சது உண்டா?" என்று நேராகக் கேட்கக்கூடிய உறவு வேண்டும், மறைக்காமல் சொல்லும் உறவும் வேண்டும். இன்னாருடைய இன்னாரிடமிருந்து சுற்றி வந்தது என்றால் தொடவே வேண்டாம்.

பட்டைகளை வாஷிங் மெஷினில் போடாதீர்கள், பினாயிலோ சோப்புத் தூளோ ஊற்றி ஊறவைக்காதீர்கள். இழையின் பலம் குறையும். ஈரத் துணியால் துடைத்து நிழலில் உலர்த்தினால் போதும். பூட்டு இறுகியிருந்தால் வெதுவெதுப்பான நீரில் அலசலாம், எண்ணெய் விடக் கூடாது. பிறந்த குழந்தைக்கான உள்மெத்தை, கையேடு, ஆரஞ்சு நிறத் தரச்சீட்டு மூன்றும் பெட்டியோடு பயணிக்க வேண்டும். குழந்தை வளர்ந்ததும் உள்மெத்தையைக் கழற்றி எங்கோ வைத்துவிடுவார்கள், திருப்பிக் கொடுக்கும்போது அதுதான் இருக்காது. கழற்றிய அன்றே இருக்கையின் பின்பக்கப் பையில் செருகிவிடுவது நல்ல பழக்கம்.

குழந்தைத் தொட்டி மாதிரியான, பின்னோக்கி மட்டும் வைக்கும் இருக்கைகளுக்கு 13 கிலோ வரம்பு என்பது பரவலான ஐரோப்பிய வகை. எடை எட்டாவிட்டாலும் தலை உச்சி இருக்கையின் மேல்விளிம்புக்கு 2.5 சென்டிமீட்டருக்குள் வந்துவிட்டால் முடிந்தது. அதுவே திருப்பிக் கொடுக்கும் கெடு. சட்டப் பக்கம் பார்த்தால், 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-பி பிரிவு 14 வயதுக்குட்பட்ட குழந்தையை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றிச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது. மடியில் வைத்துக்கொண்டு போவதை இன்னும் யாரும் நிறுத்தவில்லை என்பது வேறு கதை.

தாய்ப்பால் பம்ப்: 1

கைமாறுவதில் மிகச் சங்கடமான பொருள் இது. விலை கொடுத்து வாங்கி மூன்று மாதத்தில் நிறுத்திவிட்டவருக்கு, "புதுசு மாதிரியே இருக்கு, நீ எடுத்துக்கோயேன்" என்று தோன்றுவது இயல்பு. பம்புகளில் இரண்டு அமைப்பு உண்டு. ஒன்றில் பால் செல்லும் பாதைக்கும் மோட்டாருக்கும் நடுவே தடுப்புச் சவ்வு இருக்கும், மற்றதில் இருக்காது. தடுப்பு இல்லாததில் பால் ஆவியும் துளிகளும் குழாய் வழியே மோட்டாருக்குள் போய்ப் பூஞ்சை பிடிக்கும். அதைத் திறந்து சுத்தம் செய்ய வழியே இல்லை. கொதிநீரில் போட்ட பாகங்கள் சுத்தமாகத் தெரியும், உள்ளே என்ன என்பது தெரியாது. ஒருவர் பயன்பாட்டுக்கு என்று விற்கும் பம்பைப் பகிர வேண்டாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் சொல்வது இதனால்தான். பலர் பயன்படுத்த ஏற்ற மருத்துவமனை வகை மோட்டார்கள் தனி. அவற்றை வாடகைக்கு எடுத்து, மார்பில் வைக்கும் புனல், வால்வு, குழாய், பாட்டில் அடங்கிய தனிக் கிட்டை மட்டும் சொந்தமாக வாங்குவார்கள். சில மாதத் தேவைக்கு இதுதான் சரியான வழி.

தடுப்புச் சவ்வு உள்ள பம்ப் உடன்பிறந்த இருவருக்குள் கைமாறினாலும் மேலே சொன்ன கிட் முழுக்கப் புதிதாக வாங்கியே ஆக வேண்டும். வால்வு சில மாதத்திலேயே தளர்ந்து உறிஞ்சும் வேகம் குறையும். "அக்கா பம்ப் சரியா இழுக்கல" என்ற புகாரில் பாதி அந்தச் சின்ன ரப்பர் வால்வைப் பற்றியதுதான். கொடுப்பவர் சொல்லாவிட்டால் வாங்குபவர் பால் வரவில்லை என்று தன்னையே குறை சொல்லிக்கொள்வார்.

பாட்டில், நிப்பிள், ஸ்டெரிலைசர்

நிப்பிளைக் கொடுக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. பிளாஸ்டிக் பாட்டிலில் தூரிகைக் கீறல் விழுந்து மங்கியிருந்தால் அதையும் தூக்கிப் போட்டுவிடலாம். ஸ்டெரிலைசர் மட்டும் தாராளமாகக் கைமாறும், 4 மதிப்பெண். போர் தண்ணீர் ஊற்றிய வீட்டிலிருந்து வந்தால் அடித்தட்டில் வெள்ளைப் படிவு கெட்டியாக இருக்கும். வெள்ளை வினிகரையும் தண்ணீரையும் கலந்து தட்டு மூழ்க ஊற்றி அரை மணி நேரம் விட்டு, சுரண்டாமல் துடைத்து, இரண்டு முறை வெறும் தண்ணீரில் ஓட்டினால் போதும். திருப்பும்போதும் அப்படியே செய்து திருப்ப வேண்டும். படிவோடு கொடுத்தால் ஹீட்டர் அடிபிடித்து அடுத்த வீட்டில் போய் நின்றுவிடும், பழி கடைசியாக வைத்திருந்தவர் மேல்.

துணிகள்: கொடுத்தது கொடுத்ததாக இருக்கட்டும்

பிறந்த குழந்தைக்கு முதலில் பழந்துணி போடும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது, அதற்கென்றே நன்றாக வளர்ந்த குழந்தையின் சட்டையைக் கேட்டு வாங்குவார்கள். பலமுறை துவைத்த துணி மென்மையாக, சாயம் போய் இருக்கும், நல்ல வழக்கம்தான். ஆனால் துணிகளை இரவல் என்று எண்ணிக் கொடுப்பது வீண். பால் கறை, மஞ்சள், எண்ணெய் எல்லாம் ஏறித்தான் திரும்பும். நீங்கள் வைத்துக்கொள்ள விரும்பும் பட்டுப் பாவாடை, பேர் வைத்த அன்று போட்ட சட்டை இவற்றைத் தனியே எடுத்துவிட்டு மற்றதைக் கணக்குப் பார்க்காமல் கொடுத்துவிடுவது நல்லது.

துணியில் கவனிக்க வேண்டிய ஒன்று அந்துருண்டை. பரணில் போடும்போது பூச்சி வராமல் இருக்க நாப்தலின் உருண்டையைப் போட்டு மூட்டை கட்டுவார்கள். ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறந்த குழந்தைக்கு அந்த ஆவியே ரத்தச் சிவப்பணுக்களை உடைத்து மஞ்சள் காமாலையைக் கடுமையாக்கும். அந்தக் குறைபாடு இருப்பது பெரும்பாலும் பிறந்தவுடன் யாருக்கும் தெரிந்திருக்காது. வாசம் வரும் துணியைக் குழந்தையின் பக்கத்தில் கொண்டுபோகவே வேண்டாம். துவைத்துப் பலநாள் வெயிலில் போட்டபின்னும் வாசம் விடாவிட்டால் தரை துடைக்கப் போய்விடட்டும். எடுத்து வைக்கும்போதே காய்ந்த வேப்பிலை அல்லது வசம்புத் துண்டு போட்டு, கஞ்சி போடாமல், நன்றாகக் காய்ந்தபின் பருத்தித் துணியில் முடிந்து வையுங்கள். கஞ்சி இருந்தால் வெள்ளிமீன் பூச்சி வந்து தின்னும்.

வெள்ளி: எடை போட்டால் 3

பாலாடை இரவலுக்கு அருமையான பொருள். குறைமாதக் குழந்தைகளுக்குப் பாலூட்ட இங்குள்ள மருத்துவமனைகளே அதைப் பயன்படுத்துகின்றன. பாட்டிலைவிடச் சுத்தம் செய்ய எளிது. மூக்கின் முனையில் பால் காய்ந்து ஒட்டாமல் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் கழுவிக் கொதிநீரில் போட்டு எடுத்தால் போதும். ஆனால் கிண்ணம், கொலுசு, தண்டை, அரைஞாண் கொடி ஆகியவற்றில் பிரச்சினை வேறு. நசுங்கிய கிண்ணத்தைத் தட்டிச் சரிசெய்யக் கொடுத்தாலோ, சின்னதாகிவிட்டது என்று மாற்றிப் பெரிதாகப் போட்டாலோ எடை மாறிவிடும். யாரும் திருடவில்லை, ஆனால் 40 கிராம் போனது 34 கிராமாக வந்தால் கேட்கவும் முடியாது, கேட்காமலும் இருக்க முடியாது. கொடுக்கும்போது சமையலறைத் தராசில் வைத்து இருவரும் பார்க்கும்படி ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். "எனக்கே மறந்துடும்னு அனுப்பி வெக்கிறேன்" என்று ஒரு வரி சேர்த்தால் யாரும் தப்பாக எடுக்க மாட்டார்கள். கொலுசின் சலங்கை உதிர்ந்து வாய்க்குள் போகும். உதிரும் சலங்கையைக் கொடுக்குமுன் கழற்றிவிட வேண்டியது கொடுப்பவர் பொறுப்பு.

மற்ற சாமான்களில், நடை பழக உட்கார வைக்கும் வாக்கருக்கு மதிப்பெண்ணே இல்லை. கனடா 2004-இல் அதன் விற்பனையையே தடை செய்துவிட்டது. படியில் உருண்டு விழுவதும், எட்டாத அடுப்பை எட்டுவதும்தான் காரணம். சீக்கிரம் நடப்பதற்கும் அது உதவுவதில்லை. யாராவது ஆசையாகக் கொண்டுவந்தால் வாங்கி மூலையில் வைத்துவிடலாம். குடை மாதிரி விரியும் கொசுவலை, குளிக்க வைக்கும் பிளாஸ்டிக் டப் இரண்டும் புதிது மலிவு. கம்பி வளைந்து, டப் கீறி, திருப்புகிற ஆட்டோக் கூலி அதைவிட அதிகம். தள்ளுவண்டிக்கு 3 கொடுக்கலாம், தள்ள நடைபாதை உள்ள தெருவில் இருந்தால். சக்கர அச்சில் சுற்றிய தலைமுடியை ஊசியால் எடுத்து, மடிக்கும் பூட்டு தானாக விடுகிறதா என்று பத்து முறை விரித்து மடித்து, பிரேக் போட்டுச் சாய்தளத்தில் நிறுத்திப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

திருப்பும் முறை

உடைந்தால் யார் செலவு என்பதற்கு நடைமுறையில் ஒத்துவரும் கணக்கு இது. பயன்படுத்தினால் தேயும் எதுவும், அதாவது துணி, வால்வு, பேட்டரி, ரப்பர் மூடி, இரவல் வாங்கியவர் செலவு. தொலைந்த பாகமும் அவர் செலவு. வயதானதால் போன பாகம், அதாவது ஸ்பிரிங் தளர்ச்சி, மரத்தில் பூச்சி, சொந்தக்காரர் செலவு. எதுவாக இருந்தாலும் உடைந்த அன்றே சொல்லிவிட வேண்டும்; திருப்பும் அன்று சொன்னால் மறைத்தது போல ஆகும். இரவல் வாங்கியதை இன்னொருவருக்கு இரவல் கொடுக்கவே கூடாது. மூன்றாம் கைக்குப் போன பொருள் அநேகமாகத் திரும்புவதில்லை. மாமியார் வழி உறவுக்குப் போயிருந்தால் கேட்கவும் வாயில்லை.

பிரிக்கும்போது திருகு, நட்டு, வாஷர், ஆலன் சாவி எல்லாவற்றையும் ஒரு ஜிப் கவரில் போட்டு ஸ்டாண்டின் குழாயிலேயே டேப் சுற்றி ஒட்டிவிடுங்கள். கவரில் எத்தனை நீளத் திருகு, எத்தனை குட்டைத் திருகு என்று எழுதி வைத்தால் அடுத்த வீட்டில் தேட வேண்டாம். பிரிக்குமுன் நாலு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்பினால் பூட்டும்போது பாதி நேரம் மிச்சம்.

வாங்கிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்புவதில்லை என்பது நம் வழக்கம். தொட்டிலுக்கும் அதையே செய்யலாம்: ஒரு புது விரிப்பு, கொஞ்சம் பழம், பூ. வெள்ளிக்கிழமை வீட்டிலிருந்து பொருள் வெளியே போகக் கூடாது என்று பார்ப்பவர்கள் அதிகம்; நாளைக் கேட்டுக்கொண்டு அனுப்புங்கள். வண்டிக் கூலி வாங்கிப் பயன்படுத்தியவர் பொறுப்பு. கொடுத்தவர் வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று விடுவது பல வீடுகளில் பேச்சாகிவிடுகிறது.

இவ்வளவும் பேச முடியாத உறவு என்றால் வாடகைதான் மலிவு. பெரிய நகரங்களில் தொட்டில், தள்ளுவண்டி, கார் இருக்கை மாத வாடகைக்குத் தருகிறார்கள். முன்பணம், சுத்தம் செய்யும் கட்டணம், தாமதத்துக்கு எவ்வளவு என்ற மூன்றை மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும். கார் இருக்கையை வாடகைக்கு எடுத்தாலும் தயாரித்த ஆண்டைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் வேண்டாம்.

காலாவதியான கார் இருக்கையையும் தளர்ந்த ஸ்பிரிங்கையும் அப்படியே பழைய இரும்புக்காரரிடம் போடாதீர்கள். இருக்கையின் பட்டைகளை அறுத்து, ஓட்டின் மேல் மார்க்கரால் "பயன்படுத்தக் கூடாது" என்று எழுதி, ஸ்பிரிங்கை இழுத்து நீட்டிவிட்டுப் போட வேண்டும். இல்லாவிட்டால் துடைத்துப் பழைய சாமான் கடையில் விற்பனைக்கு வைத்துவிடுவார்கள்.